காலைத் தும்மலும் கல்வியும்: மூக்கு ஒவ்வாமைக்குரிய மருத்துவ முறைகள்

தும்மினாரை வாழ்த்துவது தமிழரின் பழைய வழக்கம். திருக்குறளின் 'புலவி நுணுக்கம்' என்னும் அதிகாரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஒரு தும்மலுக்கு வாழ்த்துப் போதும். ஆயின், நாள்தோறும் விடியற்காலையில் பத்தும் பதினைந்துமாகத் தொடர்ந்து தும்மி, ஒழுகும் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, இரவெல்லாம் சரிவர உறங்காத கண்களோடு வகுப்பறையில் வந்தமரும் பிள்ளைக்கு வாழ்த்துப் போதாது, மருத்துவம் வேண்டும். அப்பிள்ளையைப் பெற்றோர் 'சளி உடம்பு' என்பர். ஆசிரியர் 'கவனக் குறைவு' என்பர். இரண்டும் பொருந்தாப் பெயர்களே. அந்நோய்க்கு மருத்துவ நூலார் இட்ட பெயர் ஒவ்வாமை மூக்கழற்சி என்பதாகும். அஃது எத்தகைய நோய், பேரா மாநிலச் சூழலில் அஃது எவ்வாறு வளர்கிறது, அதற்குரிய மருத்துவங்கள் யாவை, அவற்றுள் எது முற்பட வேண்டுவது, எது விலக்கத்தக்கது என்பனவற்றைத் தமிழாசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

சொல்லும் பொருளும்

'ஒவ்வு' என்பது பொருந்துதல், ஒத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையடி. அதனோடு 'ஆ' என்னும் எதிர்மறை இடைநிலையும் 'மை' என்னும் விகுதியும் சேர்ந்து 'ஒவ்வாமை' என நின்றது. 'இந்த மீன் எனக்கு ஒவ்வாது' என்று பாட்டிமார் கூறும் வழக்கிலிருந்தே அறிவியலுக்கு இச்சொல் கிடைத்தது எனலாம். மேனாட்டார் வழங்கும் 'அலர்ஜி' என்னும் சொல் இதனினும் இளையது. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே என்பார் 1906-இல் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து அதனைப் படைத்தார். 'வேறுபட்ட வினை' என்பது அதன் பொருள். பிறர்க்கெல்லாம் தீங்கு செய்யாத ஒரு பொருளை ஒருவரது உடம்பு மட்டும் பகையாகக் கருதி வேறுபட வினைபுரிவதே ஒவ்வாமை என்பது அச்சொல்லின் கருத்து.

நோயைப் பற்றிய அறிவு சொல்லுக்கும் முற்பட்டது. 1819-இல் ஜான் பாஸ்டாக் என்னும் இலண்டன் மருத்துவர், கோடைதோறும் தமக்கு வந்துற்ற தும்மலையும் கண்ணரிப்பையும் மருத்துவர் அவையொன்றில் விரித்துரைத்தார். 1873-இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் தோலிலும் இட்டுப் பார்த்து, அம்மகரந்தமே அந்நோய்க்குக் காரணம் என்று நூலெழுதினார். சித்த மருத்துவமும் மூக்கடைப்பு, நீர்வடிதல், தலைபாரம் ஆகியவற்றைப் 'பீனிசம்' என்னும் தலைப்பின்கீழ் வைத்துப் பேசுகிறது. ஆகவே இந்நோய் புதியதன்று. இதனைப் பற்றிய தெளிவே புதியது.

நோய் நிகழும் முறை

மூக்கின் உட்புறத்தை மெல்லிய ஈரத்தோல் ஒன்று போர்த்தியுள்ளது. அதனுள்ளே காவலர் போன்று சிறு அணுக்கள் பல தங்கியுள்ளன. ஒவ்வாமை உடையவரின் குருதியில் ஐ.ஜி.இ. எனப்படும் ஒருவகை எதிர்ப்புப் புரதம் மிகுதியாகத் தோன்றி, அக்காவல் அணுக்களின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. 1966-இல் இஷிசாகா இணையர் இப்புரதத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சுவீடன் நாட்டு ஆய்வாளரும் தனியே அதனைக் கண்டறிந்தனர்.

ஒவ்வாப் பொருள் காற்றோடு மூக்கினுள் புகுந்து இப்புரதத்தைத் தொட்டவுடன், காவல் அணுக்கள் வெடித்தாற்போன்று திறந்து 'ஹிஸ்டமின்' முதலிய வேதிப் பொருள்களைச் சிந்துகின்றன. இதனால் சில நிமிடங்களிலேயே அரிப்பும் தும்மலும் நீரொழுக்கும் தோன்றும். கதை அத்துடன் முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து வேறு அணுக்கள் அவ்விடத்தில் வந்து குவிய, மூக்கின் உட்தோல் வீங்கி அடைத்துக்கொள்ளும். முன்னதைத் தும்மற் பருவம் என்றும் பின்னதை அடைப்புப் பருவம் என்றும் கொள்ளலாம். இவ்விரு பருவங்களையும் வேறுபடுத்தி உணர்ந்தாலன்றி மருந்துகளின் வேறுபாடு விளங்காது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை தும்மலை அடக்கும். வீக்கத்தையும் அடைப்பையும் அவ்வளவாக அடக்காது.

பேராவில் நோயின் காரணிகள்

மேனாடுகளில் இந்நோய் வேனிற்கால மகரந்தத்தோடு வந்து, பருவம் மாறினால் போய்விடும். மழையும் வெயிலும் மாறி மாறி ஆண்டு முழுவதும் ஈரங்குறையாத மலேசியாவிலோ தலையாய காரணி வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியே. 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர் ஊர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் வீட்டுத் தூசியின் நச்சுத்தன்மைக்கு இச்சிற்றுண்ணியே காரணம் என நிறுவினர். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவேயுள்ள இவ்வுயிர் கண்ணுக்குப் புலப்படாது. மனிதத் தோலினின்றும் உதிரும் செதிளே இதற்கு உணவு. காற்றிலுள்ள ஈரமே இதற்கு நீர். மெத்தை, தலையணை, கம்பளம், திரைச்சீலை, பஞ்சு பொம்மை ஆகியவை இதன் குடியிருப்பு. இஃது மாந்தரைக் கடிப்பதில்லை. இதன் எச்சமே தூசியாகப் பறந்து மூக்கினுள் சென்று ஒவ்வாமையை எழுப்புகிறது. படுக்கையில் இரவெல்லாம் இதனை முகர்ந்து கிடப்பதனாலேயே காலைப் பொழுதில் தும்மல் மிகுகிறது.

தோட்டப்புற வாழ்க்கையின் மாற்றமும் இங்கே கருதத்தக்கது. 1877-இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட பால்மரக் கன்றுகளிலிருந்து தொடங்கிய பேராவின் இரப்பர் வரலாறு, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பனைக்கு இடங்கொடுத்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, தெலுக் இந்தான் முதலிய இடங்களின் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பலகைச் சுவரும் இடைவெளியும் உடைய லயத்தில் பாய் விரித்துப் படுத்த தலைமுறை போய், சாளரம் மூடிய அறையில் தடித்த மெத்தையில் படுக்கும் தலைமுறை வந்தது. வாழ்க்கை வசதி பெருகியது. சிற்றுண்ணிக்கும் வசதி பெருகியது. பழைய இலவம்பஞ்சு மெத்தையை ஆண்டுக்கணக்கில் வெயில் காட்டாது வைத்திருக்கும் வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

சிற்றுண்ணிக்கு அடுத்தபடியாகக் கரப்பான் பூச்சியின் கழிவு, பூனையின் செதிள், சுவர்ப் பூஞ்சணம் ஆகியவை ஒவ்வாமையை எழுப்பக்கூடியவை. செம்பனையின் மகரந்தமும் இவ்வட்டாரத்தில் சிலருக்கு ஒவ்வாது என்பது ஆய்வுகளால் தெரிய வந்துள்ளது. பால்மரத்தின் பாலிலுள்ள புரதங்களும் ஒவ்வாமை தருவன. 1980களிலும் 1990களிலும் மாவு பூசிய இரப்பர்க் கையுறைகளை அணிந்த மருத்துவமனை ஊழியரிடையே தும்மலும் இளைப்பும் பரவியதற்கு, அம்மாவோடு ஒட்டிப் பறந்த இரப்பர்ப் புரதமே காரணம் என அறியப்பட்டது. அமெரிக்க அரசு 2017 சனவரி முதல் மாவு பூசிய மருத்துவக் கையுறைகளையே தடைசெய்துவிட்டது.

இவற்றினின்றும் வேறுபடுத்த வேண்டியவை எரிச்சலூட்டிகள். ஊதுவத்திப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், சிகரெட்டுப் புகை, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல் உடைக்கும் இடங்களின் தூள், கரும்பலகைச் சுண்ணத்தூள், 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நாட்டை மூடிய புகைமூட்டம் ஆகியன இவ்வகையைச் சாரும். இவை ஒவ்வாமையைப் பிறப்பிப்பன அல்ல. ஆயினும் முன்னரே வீங்கியுள்ள மூக்கை மேலும் வருத்துவன. பூசை அறையிற் புகைபோடும் வழக்கத்தை விடவேண்டும் என்பதன்று. பிள்ளை படுக்கும் அறையில் அது சூழாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

சளியா, ஒவ்வாமையா?

சாதாரணச் சளிக்காய்ச்சல் நச்சுயிரால் வருவது. அது உடல்வலி, தொண்டைவலி, சில வேளை காய்ச்சல் ஆகியவற்றுடன் தோன்றி, ஏழு முதல் பத்து நாட்களில் நீங்கும். ஒவ்வாமைக்குக் காய்ச்சல் இல்லை. மூக்கு, கண், அண்ணம் ஆகியவற்றில் அரிப்பு உண்டு. தும்மல் தொடர்தொடராக வரும். ஒழுகும் நீர் தெளிந்திருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும். பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ கரப்பான் என்னும் தோல்நோயோ இருப்பின் ஐயம் வலுப்படும்.

கூர்ந்து நோக்கும் ஆசிரியருக்குப் பிள்ளையின் முகமே சான்று கூறும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், அத்தேய்ப்பினால் மூக்கின் குறுக்கே விழுந்த கோடு, கண்களின்கீழ்க் கருநிழல், எப்போதும் திறந்த வாய் ஆகியவை அச்சான்றுகள். வாய்வழி மூச்சுவிடும் பிள்ளை 'ம', 'ந', 'ண' முதலிய மெல்லின எழுத்துகளைத் தெளிவாக ஒலிக்க இயலாது திணறுவதும் உண்டு. மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், ஒலிப்புப் பிழையைத் திருத்தும் முன்னர் மூக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தல் முறை.

மருத்துவர் நோயை இருவகையாக அளவிடுவர். வாரத்தில் 4 நாட்களுக்குக் குறைவாகவோ, தொடர்ந்து 4 வாரங்களுக்குக் குறைவாகவோ துன்புறுத்துவது விட்டுவிட்டு வரும் நோய்; அவ்விரண்டு எல்லைகளையும் எட்டியது நிலைத்த நோய். உறக்கமும் படிப்பும் விளையாட்டும் கெடாதிருந்தால் எளிய நிலை, கெட்டால் கடுநிலை. 1999-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் கூடிய வல்லுநர் குழு வகுத்த இப்பாகுபாட்டைக் கொண்டே மருந்து தெரிந்தெடுக்கப்படுகிறது. எந்தப் பொருள் ஒவ்வாதது என்று அறியத் தோலில் மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையோ குருதிச் சோதனையோ செய்வர். தோற்சோதனையின் முடிவு 15 முதல் 20 நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆயினும் எல்லாருக்கும் இச்சோதனை வேண்டுவதில்லை. நோய்க்குறிகளைக் கேட்டே மருத்துவத்தைத் தொடங்கலாம்.

மருத்துவத்தின் படிகள்

முதற்படி விலக்குதல். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 55 முதல் 60 பாகை வெப்பமுள்ள நீரில் துவைத்தல், மெத்தைக்கு இறுக்கமான நெசவுள்ள உறையிடுதல், கம்பளத்தையும் பஞ்சு பொம்மைகளையும் படுக்கையறையினின்றும் நீக்குதல், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைத்தல், காற்றாடியின் இறக்கைகளைத் துடைத்தல், சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தல் ஆகியவை பயன்தரலாம். ஆயின் உறை ஒன்றே நோயைத் தீர்க்கும் என்று விற்பனையாளர் கூறுவதை நம்பலாகாது. 2003-இல் வெளியான நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்றில், மெத்தை உறையை மட்டும் பயன்படுத்தியவருக்கு மூக்கு நோய்க்குறிகள் குறையவில்லை என்று கண்டனர். பல வழிகளை ஒருங்கே கையாண்டாலே சிறிது பயன் உண்டு. விலையுயர்ந்த கருவிகளுக்குச் செலவிடும் பணத்தை ஏழைப் பெற்றோர் மருந்துக்குச் செலவிடுதல் மேல்.

இரண்டாம் படி உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது உடலின் நீரோடு ஒத்த அளவு. நன்கு கொதிக்க வைத்து ஆறிய நீரையே கொள்ள வேண்டும். குழாய் நீரையோ கிணற்று நீரையோ நேராக மூக்கில் விடுதல் தீங்கு பயக்கும். ஒட்டியுள்ள தூசியையும் சளியையும் இது கழுவி, பின்னர் இடும் மருந்து நன்கு படிய வழிசெய்யும். செலவு மிகக் குறைவு, சிறுவர்க்கும் ஏற்றது.

மூன்றாம் படி ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள். 1937-இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே, ஆன்மரி ஸ்டாப் இருவரும் இவ்வகையின் முதற்பொருளைக் கண்டனர். போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். பழைய தலைமுறை மருந்துகளுள் குளோர்பெனிரமின் இந்நாட்டில் நன்கறியப்பட்டது. 'பிரித்தோன்' என்று மக்கள் கேட்டு வாங்கும் சிறு மாத்திரை அதுவே. இது தும்மலை விரைவில் அடக்கும். ஆனால் மூளையிலும் புகுந்து உறக்கத்தை உண்டாக்கும். லோராடடின், செட்டிரிசின், பெக்சோபெனடின் முதலிய புதிய தலைமுறை மருந்துகள் மூளையில் மிகக் குறைவாகவே புகுவன. நாளுக்கு ஒருமுறை உட்கொண்டாற் போதுமானவை. இவற்றுள் செட்டிரிசின் மட்டும் சிலருக்குச் சிறிது உறக்கம் தரும்.

இவ்வேறுபாடு மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று, பள்ளிக்கும் உரியது. 1993-இல் வெளியான ஆய்வொன்று 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வாமையுள்ள பிள்ளைகள் மற்றவரினும் குறைவாகவே கற்றனர் என்றும், உறக்கந்தரும் பழைய வகை மருந்து உட்கொண்டவர் அவர்களினும் கீழ்நிலையில் நின்றனர் என்றும் காட்டியது. 2007-இல் பிரித்தானியாவில் 15 முதல் 17 வயதுள்ள 1,834 மாணவரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு இன்னும் தெளிவானது. மாதிரித் தேர்வில் பெற்ற தரத்தைவிட இறுதித் தேர்வில் கீழிறங்கும் வாய்ப்பு, ஒவ்வாமைக் குறிகளோடு எழுதியவர்க்கு ஏறத்தாழ 40 விழுக்காடும், உறக்கந்தரும் மருந்தை உட்கொண்டு எழுதியவர்க்கு ஏறத்தாழ 70 விழுக்காடும் மிகுந்திருந்தது. எனவே, எஸ்.பி.எம். தேர்வு நாளன்று காலை, பிள்ளை தும்முகிறதே என்று பழைய மாத்திரையைக் கொடுத்தனுப்பும் தாய் அன்பினாலேயே தீங்கு செய்கிறாள். மருந்தே கொடாமல் விடுவதும் தீங்கே. உறக்கம் தராத மருந்தைத் தேர்வுக்குப் பல நாட்கள் முன்பே தொடங்குதல் தக்கது.

நான்காம் படியே இம்மருத்துவத்தின் நடுத்தூண். அது மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து. பெக்லோமெதசோன் 1970களில் இவ்வழியிற் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர்ப் புடெசொனைடு, புளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவை வந்தன. தும்மல், ஒழுக்கு, அரிப்பு, அடைப்பு என்னும் நான்கையும் அடக்கும் ஆற்றல் இவற்றுக்குண்டு. நிலைத்த நோய்க்கும் கடுநிலைக்கும் இவையே முதன்மருந்து. அடைப்பினால் உறக்கமிழந்த பிள்ளைக்கு மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்து வருவது, கூரை ஒழுகத் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

'ஸ்டீராய்டு' என்னும் பெயரைக் கேட்டவுடன் பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சத்தைத் தெளிவித்தல் வேண்டும். வாய்வழி மாத்திரையாகவோ ஊசியாகவோ நெடுநாள் செல்லும் ஸ்டீராய்டு உடல் முழுவதும் பரவித் தீங்கு செய்யும். மூக்கில் தெளிப்பது மிகச் சிற்றளவினது. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவற்றில் குருதியிற் கலக்கும் பங்கு மிகமிகக் குறைவு. சில மருந்துகள் 2 வயது முதலும், சில 4 அல்லது 6 வயது முதலும் தரத்தக்கவை. இதனை மருத்துவரே முடிவு செய்வார். நெடுநாள் பயன்படுத்தும் பிள்ளையின் உயரத்தை அவ்வப்போது அளந்து வருவது மருத்துவ வழக்கம். மூக்குலர்ச்சியும் சிறு குருதிக்கசிவும் சிலருக்குத் தோன்றலாம்.

மருந்து நன்று, தெளிக்கும் முறை பிழையானால் பயனில்லை. முதலில் மூக்கைச் சிந்திக்கொள்ள வேண்டும். புட்டியைக் குலுக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காது, சிறிது முன்னே குனிந்திருக்க வேண்டும். வலக்கையால் இட நாசியிலும், இடக்கையால் வல நாசியிலும் தெளிக்க வேண்டும். அவ்வாறு செய்தால் புட்டியின் முனை நடுச்சுவரை விட்டு விலகிக் காதின் பக்கமாக நோக்கும். நடுச்சுவரில் தெளித்தால் குருதி கசியும். தெளிக்கும்போது மெல்ல மூச்சிழுத்தல் போதும். வலிந்து உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முழுப்பயன் தெரிய ஒன்று அல்லது இரண்டு வாரங்களாகும். மூன்றாம் நாளே 'இம்மருந்து கேட்கவில்லை' என்று எறிந்துவிடுவோரே மிகுதி. தும்மல் வந்த நாளில் மட்டும் தெளித்து மற்ற நாளில் மறப்பவரும் உண்டு. நாள்தோறும் ஒழுங்காகத் தெளிப்பதிலேயே இம்மருத்துவத்தின் வெற்றி உள்ளது. இது போதாதபோது அசலாஸ்டின் என்னும் தடுப்பு மருந்தைச் சேர்த்த தெளிப்பும் உண்டு.

ஐந்தாம் படி ஒவ்வாமையின் வேரையே மாற்ற முயலும் மருத்துவம். 1911-இல் இலண்டன் மருத்துவர் லியோனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறு சிறு அளவாக ஊசிவழிச் செலுத்தி, நோயாளியின் உடம்பை அதற்குப் பழக்கினார். அவ்வழியே இன்றும் தூசிச் சிற்றுண்ணியின் சாற்றைத் தோலின்கீழ் ஊசியாகவோ நாவின்கீழ்த் துளியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கின்றனர். ஏறத்தாழ 3 ஆண்டுகள் தொடர வேண்டும். நிறுத்திய பின்னரும் பயன் நீடிப்பது இதன் சிறப்பு. ஊசி போட்டபின் 30 நிமிடமேனும் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். அரிதாக உயிருக்கு ஊறு செய்யும் எதிர்வினை எழக்கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உடையவர்க்கு இஃது ஏற்றதன்று. செலவும் மிகுதி. ஆதலின் முன்கூறிய படிகளால் அடங்காத நோய்க்கே சிறப்பு மருத்துவர் இதனை எண்ணிப் பார்ப்பர்.

அறுவை மருத்துவம் ஒவ்வாமையை நீக்காது. மூக்கினுள் வீங்கிய சதையையோ, பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறம் பருத்த அடினாய்டு சதையையோ குறைத்து மூச்சுக்கு வழிசெய்வதே அதன் எல்லை.

விலக்கத்தக்கவையும் விழிப்புடன் கொள்ளத்தக்கவையும்

மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்து மருந்தகங்களில் கிடைக்கும். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகியன இவ்வகையின. இவை குருதிக் குழாய்களைச் சுருக்கி வழி திறப்பன. சில நாட்களுக்கு மேற்பட்டுப் பயன்படுத்தினால், மருந்தின் ஆற்றல் தீர்ந்தவுடன் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைத்துக்கொள்ளும். மீண்டும் சொட்டு வேண்டும். அதன் முடிவு மீளா வழக்கம். தலையணையின்கீழ் அப்புட்டி இல்லாமல் உறங்கவியலாதவர் பலர். எனவே 5 நாட்களுக்குமேல் இதனை நீட்டித்தல் ஆகாது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் ஒவ்வாமைக்குச் சிறிதும் பயனில்லை. மோன்டெலுகாஸ்ட் என்னும் மாத்திரை ஆஸ்துமாவும் உடன் உள்ளவர்க்குச் சில வேளை தரப்படும். ஆயின், கெட்ட கனவு, மனச்சோர்வு, சினம் முதலிய மாற்றங்கள் தோன்றலாம் என 2020-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அம்மருந்து உட்கொள்ளும் பிள்ளையின் இயல்பு திடுமென மாறினால் ஆசிரியர் பெற்றோர்க்கு உணர்த்த வேண்டும்.

கைவைத்தியத்தில் ஆவி பிடித்தலும் தைலம் தேய்த்தலும் பழக்கமானவை. நொச்சி ஆவியும் கோடாலித் தைலமும் மூக்கு திறந்தாற்போன்ற உணர்வைத் தருவன, அது தைலத்திலுள்ள குளிர்ப்பொருள் நரம்பைத் தூண்டுவதால் எழும் உணர்வே, வீக்கம் குறைவதில்லை. சிறிது ஆறுதல் பெறுவதில் பிழையில்லை. ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின்மீது சிறுவரைக் குனிய வைத்துப் போர்வை மூடுவதால் தீப்புண் பட்ட நிகழ்ச்சிகள் உண்டு. கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவுதலும் தகாது. பெயரும் பதிவும் இல்லாத பொடிகள், உருண்டைகள் ஆகியவற்றால் மூக்கு ஒரே நாளில் திறந்தால் மகிழ்வதைவிட ஐயுறுதல் நன்று. அத்தகைய பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய நலத்துறை பலமுறை கண்டு எச்சரித்துள்ளது. பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருக்கும். அதனைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

எப்போது விரைந்து மருத்துவரை நாட வேண்டும்?

ஒரு நாசி மட்டும் அடைத்து நாற்றமுள்ள சளி வடிந்தால், சிறுவர் மணியையோ அழிப்பான் துண்டையோ மூக்கினுள் இட்டிருக்கலாம். அடிக்கடி குருதி வடிதல், முகவலியுடன் காய்ச்சல், உரத்த குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், காது கேளாமை ஆகியவையும் காலந்தாழ்த்தலாகாதவை. நெஞ்சிளைப்பும் இரவு இருமலும் உடன் வருமாயின் ஆஸ்துமாவை எண்ண வேண்டும். மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுவழியின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமை உடையவர்க்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுதி. மூக்கைப் பேணாமல் ஆஸ்துமாவை அடக்குதலும் அரிது.

பேராவில் இதற்கு வழியில்லாமல் இல்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். அங்கு அடங்காத நோயாளிகளை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கு மடல் கொடுத்து அனுப்புவர். தொலைவும் பேருந்துக் குறைவும் தோட்டப்புறப் பெற்றோர்க்குத் தடையாகும் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலோர்க்கு முதற்கட்ட மருத்துவமே போதுமானது. அதற்கு ஈப்போ வரை செல்ல வேண்டுவதில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

நோய்க்குப் பெயரிடுவது ஆசிரியரின் பணியன்று. நோயாளியைக் கண்டுகொள்வது அவர் பணி. பெற்றோர் பிள்ளையைக் காலையிலும் இரவிலும் காண்பர். மருத்துவர் சில நிமிடம் காண்பர். ஆசிரியரோ நாள்தோறும் பல மணி நேரம், முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒப்பிட்டுக் காண்பவர். வாரத்தில் எத்தனை நாள் தும்மல், எத்தனை நாள் மேசையில் தலைசாய்த்தல், என்ன மாத்திரை உட்கொண்ட நாளில் உறக்கம் என்று ஒரு மாதம் குறித்துக் கொடுத்தால், அத்தாள் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும். முன்னர்க் கூறிய 4 நாள், 4 வாரக் கணக்கு அத்தாளிலேயே தெரிந்துவிடும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவையும் சில உண்டு. ஒவ்வாமையுள்ள பிள்ளையைக் கரும்பலகைத் தூளுக்கும் பழைய நூலடுக்குக்கும் அப்பால் அமர்த்தலாம்; தரையைப் பெருக்கும் முறையை அவனுக்கு விட்டு ஈரத்துணியால் துடைக்கும் பணியைத் தரலாம்; 'மூக்கன்', 'சளியன்' என்று மற்ற பிள்ளைகள் எள்ளாதபடி காக்கலாம். மருந்து உறக்கம் தருகிறதென்று தெரிந்தால், வேறு மருந்து கேட்டுப் பெறுமாறு பெற்றோர்க்கு அன்புடன் எடுத்துரைக்கலாம். அதனைக் கடிந்துரைத்தல் கூடாது. 'உன் பிள்ளை சோம்பேறி' என்று பலகாலம் கேட்டுப் பழகிய தாய்க்கு, 'இது நோய். இதற்கு மருந்துண்டு' என்னும் சொல்லே முதல் ஆறுதல்.

ஒவ்வாமையை முற்றும் ஒழிக்கும் மருந்து இன்னும் எட்டவில்லை. அடக்கி வைக்கும் மருந்துகளோ எளியனவும் காப்பானவையுமாக உள்ளன. வலிய மருந்தை எப்போதோ ஒருநாள் கொடுப்பதைவிட, ஏற்ற மருந்தை முறையறிந்து நாள்தோறும் கொடுப்பதே பயன் தரும். அவ்வாறு பேணப்பட்ட பிள்ளை இரவில் உறங்கும். காலையில் தெளிந்த முகத்தோடு பள்ளிக்கு வரும். கற்பது மனத்தில் தங்கும். கவனமில்லாதவன் என்று ஏட்டில் எழுதுமுன், அவன் மூச்சு விடுகிறானா என்று ஒருகணம் நோக்குதல் ஆசிரியர் கடன்.